இருபத்தெட்டாம் கட்டத்தில் ஒரு புள்ளி

நடந்தவை, வரிசையாக:

1. முதல் ஸ்டென்சிலில் முகம் வரவில்லை. ஒரு கறுப்புத் திட்டு வந்தது.
2. இரண்டாவது ஸ்டென்சில், தலைமுடி இருக்கவேண்டிய இடத்தில் கிழிந்தது. மை வழிந்து, அடித்த எழுத்துகளில் பாதியை மூடியது.
3. மூன்றாவதில் கோடுகள் மட்டும் போட்டேன். ஒரு முகம் வந்தது. யாருடைய முகம் என்று சொல்ல முடியாது.
4. நான்காவதில் அவர் வந்தார்.
5. எழுபது தாள் அடித்து எழுபது தோட்டங்களுக்கு அனுப்பினோம்.
6. இரண்டு மாதம் பதில் இல்லை.
7. ஒரே ஒரு தாள் திரும்பி வந்தது. அதில் மூக்கின்மேல் யாரோ சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

இந்த ஏழையும் அப்போதே என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். எட்டாவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் எண்ணை மட்டும் போட்டு விட்டுவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது மெலாக்காவில், காஜா பெராங் சடக்கில், சாலையைப் பார்த்த ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தட்டச்சுப் பள்ளியில். எட்டு ஆங்கிலப் பொறிகள், ஒரு தமிழ்ப் பொறி, கையால் சுற்றும் ஒரு சைக்ளோஸ்டைல் எந்திரம். எந்திரம் என் பொறுப்பு. அதற்காகச் சிங்கப்பூரில் மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, சான்றிதழும் ஒரு கையேடும் வாங்கி வந்தவள் நான். மலாயா சுதந்திரம் வாங்கப்போகிற வருடம் அது. சங்கம், கோயில் சபை, வாசகசாலை என்று எல்லாருக்கும் ஏதாவது அறிக்கை வேண்டியிருந்தது. பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் மாடியில் உருளை ஓட ஆரம்பித்துவிடும்.

வேலை எளிமையானதுதான். ஸ்டென்சில் என்பது மெழுகு பூசிய மெல்லிய தாள். தட்டச்சுப் பொறியில் ரிப்பனை விலக்கிவிட்டு அதில் அடித்தால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அந்தத் தாளை மை நிறைந்த உருளைமேல் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், மெழுகு விலகிய இடம் வழியாக மட்டும் மை இறங்கும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருந்தது: குறை, காரணம், தீர்வு. எழுத்து மங்கல், மை போதாது, மை சேர்க்கவும். அப்படி முப்பத்தொரு வரிகள். எனக்கு மனப்பாடம். படங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: தவிர்ப்பது நலம்.

ஒரு நாள் காலை, பின்சந்தில் துணி தைக்கும் அக்கா மாடிப்படி ஏறி வந்தார். என் ரவிக்கைகளெல்லாம் அவர் தைத்தவைதான். எனக்கு என்னவோ அளவு தவறிவிட்டது என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்தார். உள்ளே ஒரு புகைப்படம், சீட்டுக்கட்டு அட்டையளவு.

“தங்கச்சி, ஒன் மிசின்ல எழுத்து மட்டுந்தான் வருமா, ஆளு மொகமும் வருமா?”

“யாருக்கா இது?”

“என் தம்பி.”

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு லாரி வந்து, சியாம் நாட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்தில் இருந்த தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. லாரி வருவதற்குச் சில நாள் முன்பு டவுனுக்கு வந்து, அக்கா தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் ஒரு படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஜப்பான்காரன் தோற்றபின் திரும்பி வந்தவர்கள் வந்தார்கள். தம்பியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பதினான்கு வருடம்.

“எங்க வூட்டுக்காரரு நல்லவருதான். ஆனா இந்த வருசம் கண்டிசனா சொல்லிட்டாரு. ஆடி அமாவாசக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா எள்ளுந் தண்ணியும் விட்டுடணுமாம். ஆத்மா அலையுதாம்.” அவர் படத்தைத் துணியால் துடைத்தார். “உசுரோட இருக்கிறவனுக்கு எப்படி எள்ளுந் தண்ணியும் விடறது? எனக்கு அவன் செத்தான்னு ஒருத்தரும் சொல்லலியே.”

தோட்டங்களுக்கெல்லாம் அனுப்ப ஓர் அறிவிப்பு வேண்டும். அதில் முகம் வேண்டும். ரயிலுக்குப் போனவர்களில் பலருக்கு ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாது என்றார் அக்கா. முகம்தான் தெரியும்.

பள்ளியின் உரிமையாளரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்னம்மா, இது எழுத்து அடிக்கிற எடம். ஸ்டூடியோ இல்ல.”

“கையேட்டுல முடியாதுன்னு போடல மாஸ்டர். தவிர்க்கணும்னுதான் போட்டிருக்கு.”

“அதுக்கு அதான்மா அர்த்தம்!” என்றார். ஆனால் ஓரம் மடங்கிய நான்கு ஸ்டென்சில்களை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாலுக்குமேல் கேட்காதே என்பதும் அதில் இருந்தது.

முதல் மூன்றும் என்னவாயின என்று மேலே சொல்லிவிட்டேன். முதலாவதில், நிழல் இருந்த இடங்களிலெல்லாம் எழுத்தாணியால் மெழுகைச் சுரண்டினேன்; மை தேங்கியது. இரண்டாவதில் தலைமுடிக்கு நெருக்கமாகக் கோடு போட்டேன், தாள் தாங்கவில்லை. மூன்றாவதில் புத்தி வந்து சிக்கனமாக வரைந்தேன். அதைப் பார்த்த மாஸ்டர், “நம்ம தபால்காரர் மாதிரி இருக்கு,” என்றார். அப்படித்தான் இருந்தது.

ஒரே ஒரு ஸ்டென்சில் மீதி. அதைத் தொடாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

மாஸ்டர் நாளிதழ் படிக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அன்று அவர் அதைப் பக்கத்தின்மேல் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார். மேசையைக் கடக்கும்போது குனிந்து பார்த்தேன். அதில் ஏதோ ஒரு தலைவரின் கன்னம் இருந்தது. கன்னம் இல்லை, புள்ளிகள். பெரிய புள்ளி, சிறிய புள்ளி, நெருக்கமாக, தள்ளித் தள்ளி. கண்ணாடியை நகர்த்தினேன். கண்ணும் புள்ளி, மூக்கும் புள்ளி, அவர் பின்னாலிருந்த வானமும் புள்ளி. கண்ணாடியை எடுத்தேன். தலைவர் இருந்தார். வைத்தேன். இல்லை. இத்தனை வருடம் நாளிதழில் படம் பார்க்கிறேன். முகம் என்று எதுவும் அங்கே அச்சாகவே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

புள்ளி குத்தினால் தாள் கிழியாது. மை தேங்காது.

படத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது; அந்தச் சிறிய அட்டையில் எழுத்தாணி நுழையாது. அக்காவிடம் வெள்ளை நூல் வாங்கி, ஒரு பழைய சிலேட்டுச் சட்டத்தில் குறுக்கே ஆறு, கீழே எட்டு என்று கட்டங்கள் வருமாறு இழுத்துக் கட்டிப் படத்தின்மேல் வைத்தேன். நாற்பத்தெட்டுக் கட்டம். இடமிருந்து வலமாக எண் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் மெல்லிய தாளில் பெரிய கட்டத்துக்கு மாற்றினேன். அந்தத் தாளை ஸ்டென்சிலுக்கு அடியில் வைத்து, இரண்டையும் கண்ணாடிப் பலகையில் பரப்பி, கீழிருந்து விளக்கு வெளிச்சம் வரச் செய்து புள்ளி குத்தவேண்டும்.

இருபத்தெட்டாம் கட்டத்தில், மூக்கின் ஓரம், ஊசிமுனை அளவில் ஒரு கறுப்பு இருந்தது. அட்டையில் பட்ட தூசி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏன் தங்கச்சி அத விட்டுட்ட?”

“தூசிக்கா.”

“தூசியா? அதாம்மா அவன்!”

தம்பிக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. இவராவது தங்கவேண்டும் என்று பிறந்த பதினாறாம் நாளே மூக்குக் குத்திவிட்டார்கள். துளை தூர்ந்துபோனால் ஆகாது என்று அவர்கள் அம்மா பயப்பட, பெரியவரானபிறகும் அதில் துடைப்பத்து ஈர்க்கு ஒரு துண்டு சொருகிக்கொள்வாராம். ஸ்டூடியோவுக்கு வரும்போது மட்டும் கூச்சப்பட்டு எடுத்துவிட்டிருக்கிறார்.

அறிவிப்பில் அடையாளமாக எழுதலாம் என்றேன். “எந்தப் பக்கம்க்கா?”

“இந்தப் பக்கம்.” அவர் கை ஊசியோடு மேலே போய், தன் வலது மூக்கைத் தொட்டது.

நான் படத்தைப் பார்த்தேன். படத்தில் துளை தம்பியின் இடது மூக்கில் இருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் படத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்கிறார், அதனால் பக்கம் மாறுகிறது என்று முடிவு செய்தேன். அதை அவரிடம் விளக்கவும் செய்தேன், மிகப் பொறுமையாக.

“படத்துல எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே போடு தங்கச்சி. ஒனக்குத் தெரியாததா,” என்றார் அக்கா.

இடது மூக்கில் சிறு துளை, என்று அடித்தேன்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். முப்பத்தெட்டாம் கட்டத்தின் அருகே சட்டைப் பை இருந்தது, வலது மார்பில். அப்படியும் தைப்பார்கள்போல என்று நினைத்துத் தாண்டிவிட்டேன்.

மூன்று நாள் புள்ளி குத்தினேன். அதிகமாகிவிட்ட இடங்களில் திருத்தும் திரவத்தைத் தொட்டு மூடினேன். படத்தின் ஓரங்கள் மங்கலாக இருந்ததால் சுற்றிலும் ஒரு கறுப்புக் கட்டம் இழுக்க அளவுகோலை வைத்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“கட்டம் போடாத. பேப்பர்ல செத்தவங்களுக்குத்தான் கட்டம் போடுவான்.”

அளவுகோலை எடுத்துவிட்டேன்.

நான்காவது ஸ்டென்சிலை உருளையில் சுற்றி, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினேன். தாள் வெளியே வந்தது. ஒவ்வொரு புள்ளியையும் குத்தியவள் நான். எந்தக் கட்டத்தில் கை வழுக்கியது, எங்கே திரவம் தொட்டேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தாளில் புள்ளி எதுவும் இல்லை. பத்தொன்பது வயது ஆள் ஒருவர், ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொன்னதற்குச் சிரிக்காமல் இருக்க முயன்றபடி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான் செய்யவில்லை என்றுதான் தோன்றியது. இன்னொரு சுற்று சுற்றினேன். மறுபடியும் வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் வந்தார்.

மாஸ்டர் முதல் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தாள்களைக் காயப்போட அவரே கொடி கட்டினார். கீழே, கடையின் பின்கட்டில், தலைமுறைகளாக மலாயே பேசும் மெலாக்காச் செட்டிப் பெண்மணி ஒருவர் குடியிருந்தார்; அவருக்குத் தமிழ் வராது. அவர் படியேறி வந்து, கொடியில் வரிசையாகத் தொங்கிய முகங்களைப் பார்த்து, இந்தப் பையன் வாயைத் திறக்கப்போகிறான் என்று மலாயில் சொன்னார். அக்கா சிரித்தார். பிறகு ஒவ்வொரு தாளாக மை காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்துக்கொண்டே போனார்.

எழுபது தாள்கள் போயின. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார்களுக்கு, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் ஒட்டிவைக்கும்படி ஒரு குறிப்போடு. இரண்டு மாதம் தபால்காரர் எங்கள் மாடிக்கு வருவதைப் பார்த்தாலே அக்காவின் தையல் மிசின் சந்தில் நின்றுபோகும்.

ஒரே தாள் திரும்பி வந்தது, வடக்கே சியாம் எல்லையோரம் இருக்கும் கெடாவிலிருந்து. மூக்கின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஓரத்தில் கோணலான எழுத்து:

“துளை இந்தப் பக்கம் இல்லை. நான் பார்த்த ஆளுக்கு வலது பக்கம். ஈர்க்கு சொருகி இருப்பான். இது வேற ஆள் என்றால் எனக்குத் தெரியாது. அதே ஆள் என்றால் சரியாகப் போட்டு அனுப்பவும். பிறகு சொல்கிறேன்.”

ஈர்க்கைப் பற்றி நான் அறிவிப்பில் எழுதவே இல்லை.

அக்கா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஸ்டென்சிலைத் திருப்பிப் போட்டேனா? இல்லை, எழுத்தும் திரும்பியிருக்கும். மெல்லிய தாளைத் திருப்பி வைத்தேனா? அதைத் தேடி எடுத்து, படத்தோடு ஒப்பிட்டேன். இல்லை. படத்தில் உள்ளபடியேதான் இருந்தது. அப்படியானால் மீதி இருந்தது படம் மட்டும்தான்.

“அக்கா, இந்தச் சட்டைய நீங்கதானே தச்சீங்க?”

“நாந்தான். ஏன்?”

“பைய எந்தப் பக்கம் வெப்பீங்க?”

“இது என்ன கேள்வி? எல்லா ஆம்பளச் சட்டைக்கும் எடது பக்கந்தான்...”

அவர் நிறுத்திவிட்டார். படத்தை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்தார். பதினான்கு வருடம் பார்த்த படம். மெலாக்காவில் பாதி ஆண்களுக்குச் சட்டை தைத்தவர். தானே வைத்த பை வலது பக்கம் இருப்பதை அன்றுதான் பார்த்தார்.

“படுபாவி ஸ்டூடியோக்காரன், திருப்பிப் போட்டுட்டானா?”

போட்டிருக்கவேண்டும். பிலிமை மறுபக்கம் வைத்து அட்டையில் ஏற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் யார் சரிபார்த்தார்கள்? கையேட்டின் முப்பத்தொரு வரிகளிலும் மூலமே தவறாக இருக்கலாம் என்று ஒரு வரி இல்லை. ஆனால் எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார். ஊசி பிடித்த கையால் தன் மூக்கைத் தொட்டே காட்டினார். நான்தான் பயிற்சி பெற்றவள்போல் படத்தை நம்பினேன்.

“நீங்க சரியாத்தான் காட்டினீங்கக்கா. நாந்தான் மாத்திட்டேன்.”

“போவுது விடு,” என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர் என் கையைப் பிடித்து இழுத்தார். “வா.”

அவர் வீட்டில் வாடிக்கையாளர் சட்டை போட்டுப் பார்ப்பதற்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் முன் நின்று படத்தை நெஞ்சுக்கு நேரே, முகம் கண்ணாடியைப் பார்க்கும்படி பிடித்தார். கண்ணாடிக்குள் சட்டைப் பை இடப்பக்கம் போனது. துளை வலது மூக்குக்குப் போனது. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே முகம்தான். அக்கா மட்டும் அசையவே இல்லை. கொஞ்சநேரத்தில் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, நீ பிடி என்று சைகை செய்தார். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், உள்ளே இருந்த சிறிய முகத்தின் தலையை ஒரு விரலால் வருடினார்.

“இவந்தான்,” என்றார். “இத்தன வருசமா என்னமோ ஒண்ணு இடிச்சிட்டே இருந்துச்சு தங்கச்சி. நாந்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன். அவன் மொகமே எனக்கு மறந்துபோச்சுன்னு.”

நான் படத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கைக்குள் இருந்த அட்டையில் ஒருவர், எதிரே கண்ணாடியில் இன்னொருவர். பதினான்கு வருடமும் அந்த வீட்டில் இருந்தவர் கண்ணாடியில் தெரிந்த இவர் இல்லை. அக்காவின் கை மட்டும் சரியானவரை வைத்திருந்திருக்கிறது, ஒரு மூக்கைத் தொடும் அளவுக்கு.

மாஸ்டரிடம் ஐந்தாவது ஸ்டென்சில் கேட்டேன். முழுதாக, ஓரம் மடங்காத ஒன்றைக் கொடுத்தார். தீர்வு என்று பார்த்தால் மெல்லிய தாளை மறுபுறம் திருப்பிப் போட்டதுதான். இருபத்தெட்டாம் கட்டத்தில் இருந்த புள்ளி இருபத்தேழுக்கு வந்தது. வலது மூக்கில் சிறு துளை, என்று அடித்தேன். மறுபடி மூன்று நாள் குத்தினேன். அந்த ஒரு புள்ளியைக் கடைசிக்கு வைத்திருந்து எழுத்தாணியை அக்காவிடம் கொடுத்தேன். ஊசிக் காதில் நூல் கோப்பவர்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினார்.

கெடாவுக்குத்தான் முதல் தாள் போனது. பதில் பன்னிரண்டு நாளில் வந்தது.

“இவன்தான். ரயில் வேலை முடிந்து முகாம் கலையும்போது உயிரோடு இருந்தான். எனக்குக் காய்ச்சல், நிற்க முடியாது. என்னைத் தூக்கி லாரியில் ஏற்றினான். இடம் இல்லை என்று அவனை இறக்கிவிட்டார்கள். அடுத்த லாரிக்கு நின்றான். அந்த லாரி எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. தாள் இன்னும் பத்து அனுப்பவும். எல்லைக்கு அந்தப் பக்கம் சாமான் ஏற்றிப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள்.”

அக்காவின் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தை வாசலில் நின்று படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆடி அமாவாசையன்று காலையில் பசியாறிவிட்டு, வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எள் வாங்கவில்லை.

அடுத்த மாதம் சுதந்திரம் வந்தது. எங்கள் மாடியிலிருந்து எத்தனையோ அறிக்கைகள் போயின. எதிலும் முகம் இல்லை.

இப்போது நிலவரம் இது. எழுபது தோட்டங்களுக்கும் மறுபடி அனுப்பியதைச் சேர்த்து, வலது மூக்கில் துளை உள்ள எண்பத்தோரு தாள்கள் வெளியே இருக்கின்றன. அவற்றில் பதினொன்று, முதல் தாளும் பிறகு கேட்ட பத்தும், கெடா வழியாக எல்லை தாண்டிப் போயிருக்கின்றன. இருவர் எழுதினார்கள், இருவரும் சொன்னது வேறு ஆட்களைப் பற்றி. தம்பி இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. புகைப்படம் மறுபடி துணிப் பொட்டலத்துக்குப் போய்விட்டது. அக்காவின் வீட்டுச் சுவரில் இருப்பது என் தாள்தான், கட்டம் இல்லாமல். ஐந்தாவது ஸ்டென்சிலைத் துடைத்து, இரண்டு நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே வைத்து, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் நூறு தாளாவது அடிக்கும்.